மாப்பிள்ளை வாட்ச்சில் சீரக நீளத்துக்கு ஒரு கீறல்

கொப்பரை காயாத களமும் பிறத்தியார் மனம் நோகப் பேசுகிற வாயும் முருங்கைப்புதூரில் தேடினாலும் கிடைக்காது என்று காங்கயம் பக்கத்தில் சொல்வார்கள். முதலாவது அந்த ஊருக்குச் சோறு போட்டது, இரண்டாவது அந்த ஊருக்குக் குறுக்கே ஒரு கீறலைப் போட்டது. அது பேக்கரியைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, களத்து வழியாகத் தண்ணீர்த் தொட்டியில் ஏறி இறங்கிப் போனதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கேட்டால் சொல்லவும் செய்வார்கள், ஆனால் அதற்கு முன்னால் உங்களை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, போன தடவைக்கு இப்போது நன்றாக இளைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள், பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுமா என்ன.

எண்ணெய் மில் சென்னியப்பனுக்கு சிந்துஜா ஒரே மகள். தாராபுரத்தில் ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் பரமேஸ்வரியின் மகன் நவநீதனுக்கு, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவனுக்கு, அவளை நிச்சயம் பண்ணியிருந்தார்கள். கல்யாணத்தன்று சபை கூடி நிற்கையில் பெண்ணின் அப்பா மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்ட வேண்டும், அது அங்கத்து முறை. சென்னியப்பன் கோயமுத்தூருக்குப் போய் சுவிட்சர்லாந்து வாட்ச் ஒன்றை வாங்கி வந்தார். அதன் ஸ்டீல் பட்டை அப்படி மின்னியது, அவர் மனைவி வசந்தாமணி அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிபண்ணிக்கொண்டாள்.

சிக்கல் அளவில் இருந்தது. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பட்டையில் இரண்டு கண்ணி கழற்றிக் கைக்குப் பொருத்தமாக்கித் தருகிறோம் என்று ஷோரூமில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் கையை நீட்டுங்கள், அளக்க வேண்டும் என்று மாப்பிள்ளையைக் கேட்பதா, அவரென்ன கொப்பரை மூட்டையா என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. அளக்காமல் விடவும் பயம். போன தையில் ஒரு கல்யாணத்தில், கட்டிய வாட்ச் மாப்பிள்ளையின் முழங்கை வரைக்கும் வளையல் மாதிரி வழுக்கிப் போனதையும், சனம் கொல்லென்று சிரித்ததையும், வீடியோக்காரன் அதைக் கிட்டத்தில் போய்ப் பிடித்ததையும் அவர் கண்ணால் பார்த்திருந்தார். அதனால் நிச்சயத்தன்று பாசத்தோடு பிடிப்பவர் போல மாப்பிள்ளையின் மணிக்கட்டைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தார், அந்த வளையத்தைக் கலைக்காமல் அப்படியே காரில் ஏறினார், வழியில் நிறுத்திய இடத்தில் இடது கையால் டீ குடித்தார், எதிரில் வந்தவர்களுக்கு இடது கையால் கும்பிடு போட்டார், வீட்டுக்கு வந்துதான் மகளை விட்டு அந்த விரல் வளையத்தைச் சணலால் அளக்கச் சொன்னார்.

எண்ணெய் ஆட்டும் மிஷினையே கழற்றிப் பூட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று, சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து, வசந்தாமணியின் சேலை ஊக்கையும் ஒரு சின்னச் சுத்தியலையும் வைத்துக்கொண்டு சென்னியப்பனே உட்கார்ந்தார். எந்தப் பக்கமிருந்து தட்டினால் ஆணி வெளியே வரும் என்று பட்டைக்கு உள்ளே அம்புக்குறி போட்டிருந்தது, அவர் அதை அலங்காரம் என்று நினைத்துவிட்டார். மறுபக்கமிருந்து தட்டினார். கண்ணி எப்படியோ கழன்றது, அளவும் எப்படியோ சரியாக வந்தது, ஆனால் ஊக்கு ஒரு தடவை வழுக்கி, பட்டையின் பூட்டுக்குப் பக்கத்தில், முடி தடிமனில், ஒரு சீரகம் நீளத்துக்குக் கீறிவிட்டது.

சென்னியப்பன் வாட்ச்சைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வெளிச்சத்தில் பிடித்தார், நிழலில் பிடித்தார், வேட்டி நுனியால் துடைத்தார். கீறல் துடைத்த அளவுக்குப் பளிச்சென்று ஆனது. பொருள் போனால் போகிறது, ஆனால் நாளைக்கு சம்பந்தி வீட்டில் ஏதாவது ஒரு பேச்சு வரும்போது, உங்கப்பன் கீறல் விழுந்த வாட்ச்தானே போட்டார் என்று யாராவது சிந்துஜாவைப் பார்த்துக் கேட்டுவிட்டால், அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நிற்குமே, அதுதான் அவருக்குத் தாளவில்லை.

"ஏம்புள்ள, சித்த இங்க வா. இதுல ஏதாச்சும் தெரியுதா பாரு."

வசந்தாமணிக்கு வாசற்படியில் வரும்போதே தெரிந்துவிட்டது. ஆனால் புருஷன் முகம் இருந்த இருப்பைப் பார்த்தாள்.

"தெரியவே இல்லீங்க," என்றாள்.

அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் சீரகம் நீளக் கீறல் அரிசி நீளம் ஆனது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், பார்த்ததை இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டு வந்த சிந்துஜா வாட்ச்சை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, எனக்கு ஒண்ணுமே தெரியலப்பா, சும்மா வெசனப்படாதீங்க," என்றாள். பிள்ளையின் அன்பு பெரிது அல்லவா, அதனால் கீறல் பட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பவும் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது.

அதோடு பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இரண்டு பேர் ஆறுதல் சொன்னால் மூன்றாவது ஆளிடமும் கேட்டுப் பார்க்கத் தோன்றும், சென்னியப்பன் அந்த ரகம். வாட்ச்சைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஆறுச்சாமியின் பேக்கரிக்குப் போனார். கல்யாணம் வைத்திருப்பவர் மனம் சுணங்கக் கூடாது என்பது முருங்கைப்புதூரில் எழுதாத சட்டம். டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் வரிசையாக வந்து பார்த்து, "எங்கீங்க கீறல்?" "நீங்க சொன்னதுக்கப்புறமும் தெரியலீங்க," "என்ற கண்ணுக்குப் புதுசாட்டத்தான் இருக்குது," என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கீறல் வாட்ச்சிலிருந்து கண்ணாடிப் பெட்டியின் மேல் இறங்கி, உள்ளே இருந்த தேங்காய் பன்களையும் பப்ஸ்களையும் குறுக்கே கடந்து, படியில் குதித்து, ரோட்டுக்கு வந்தது.

அடுத்த வாரத்துக்குள் அது ஊரைத் தாண்டிவிட்டது. வெள்ளிக் கம்பி போல, முடி தடிமன் மாறாமல், தார் ரோட்டையும் மண்ணையும் ஓட்டு வீட்டையும் பேதம் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தது. கோயில் வாசல் வந்ததும் மரியாதையாக ஒதுங்கி, வெளிப்பிரகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே போனது. ஊருக்கு அதில் ஆச்சரியமொன்றும் இல்லை, வந்தது வந்துவிட்டது, அதை என்ன பண்ணலாம் என்றுதான் பார்த்தார்கள். வரப்புத் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த ஒரு அண்ணனும் தம்பியும், கீறல் தங்கள் காட்டு வழியாக ஓடிய அன்றே, இதுதான் எல்லை என்று ஒத்துக்கொண்டு கம்பி வேலியை அதன் மேலேயே போட்டார்கள். டவுன் பஸ் டிரைவர் முன்சக்கரத்தைக் கீறலுக்கு நேராக நிறுத்தப் பழகிக்கொண்டார். காலையில் கோலம் போடுகிறவர்கள் புள்ளிவரிசையை அதிலிருந்து தொடங்கினார்கள். ஆறுச்சாமி குறுக்கே கோடு விழுந்த பன்னைத் தனியாக அடுக்கி வைத்து, வெளியூர்க்காரர்கள் கேட்டு வாங்கும்படி பண்ணினார். பார்க்க வந்த வெளியூர்க்காரர்களும் மரியாதை தெரிந்தவர்கள்தான், திரும்பிப் போகும்போது சென்னியப்பனிடம், "அப்படியொண்ணும் பெருசாத் தெரியலீங்களே," என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள், கீறலும் அவர்களோடு கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தது. வந்தது என்று சொல்வது தவறு, போனது போனதுதான்.

ஏன் நீள்கிறது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க வேண்டுமானால் கீறல் தெரிகிறது என்று முதலில் யாராவது ஒத்துக்கொள்ள வேண்டுமே!

சென்னியப்பன் ஒரு நாள் வாட்ச்சைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறினார். கீறல் ஜன்னலுக்கு வெளியே, ரோட்டோரமாக, பஸ்ஸுக்குச் சமமாக ஓடி வந்தது. ஷோரூமில் டை கட்டிய ஒரு பையன் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், இதெல்லாம் தெரியவே தெரியாது சார்," என்றான். அவன் படித்த படிப்பு அப்படி. அன்று மாலை கீறல் மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து சென்னியப்பன் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

முருங்கைப்புதூரில் அவரிடம் மரியாதையாகப் பேச வேண்டிய கட்டாயம் இல்லாத ஆள் ஒருவர் மட்டும் இருந்தார். காளியண்ணன், பெரியப்பா மகன், பங்காளி. வேலிக்கு அந்தப் பக்கம் முளைத்து இந்தப் பக்கம் சாய்ந்த ஒரு தென்னை மரத்தை வைத்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு அறுந்து போயிருந்தது, கல்யாணத்துக்கு அவருக்கு அழைப்பும் போகவில்லை. ஒரு நாள் காலையில் காளியண்ணன் புதிதாகப் பூசிய தன் வீட்டுச் சுவரைப் பார்க்க, அதன் குறுக்கே கீறல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கீறலைத் தொட்டபடியே நடந்து, நேராகச் சென்னியப்பன் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தார்.

"இதானா அந்த எழவெடுத்த வாட்ச்சு?"

"ஆமாங்ணா," என்றார் சென்னியப்பன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. "சின்னக் கீறலுங்ணா. தெரியறதில்லைன்னு எல்லாருஞ் சொல்றாங்க."

"எவஞ் சொன்னான் தெரியறதில்லைன்னு? நல்லாத் தெரியுது! பழனி மலை மேல நின்னு பாத்தாக்கூடத் தெரியும்! சுத்தியல் புடிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் சுவிட்சர்லாந்து வாட்ச்சு ஒரு கேடு!"

விர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. தையல்காரர் டேப்பைச் சுருட்டுவது போலக் கீறல் பின்வாங்கியது. மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து பல்லடத்துக்கும், பல்லடத்திலிருந்து ஊர் எல்லைக்கும் வந்து, காளியண்ணன் வீட்டுச் சுவரையும் விட்டு இறங்கி நின்றது. ஓகோ, அப்படியா விஷயம் என்றது ஊர்.

மறுநாள் சென்னியப்பனும் வசந்தாமணியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் அழைப்பிதழும் வைத்து எடுத்துக்கொண்டு காளியண்ணன் வீட்டுப் படியேறினார்கள்.

"கல்யாணத்துக்கு வரோணும். அதுக்கு முன்னால தெனமும் காலையில வீட்டுக்கு வந்து ரெண்டு வார்த்தை திட்டிப்போட்டுப் போகோணுங்ணா," என்றார் சென்னியப்பன்.

காளியண்ணன் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி பாவனை பண்ணினார். உள்ளுக்குள் அவருக்கு இனித்தது. இத்தனை வருஷமாக அடக்கி வைத்ததைத் தாம்பாளம் வைத்துக் கேட்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? தினமும் காலையில் வந்தார், காப்பி குடித்தார், வாட்ச்சைப் பார்த்தார், வாய்க்கு வந்ததைப் பேசினார். கீறல் களத்திலிருந்து பஸ் ஸ்டாப்புக்கும், பஸ் ஸ்டாப்பிலிருந்து பேக்கரிப் படிக்கும் வந்தது. இன்னும் சில நாள் இப்படித் திட்டினால் போதும் என்று சென்னியப்பன் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தார்.

வசந்தாமணிதான் கெடுத்தாள். வீடு தேடி வருகிறவருக்கு வெறும் காப்பி கொடுத்து அனுப்ப அவளுக்கு மனம் வருமா? ஒரு நாள் இடியாப்பம் போலச் சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, காளியண்ணனை உட்காரவைத்துப் பரிமாறினாள். இரண்டாவது தடவை தேங்காய்ப்பால் ஊற்றும்போதே மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. கையைக் கழுவிவிட்டு வந்து வாட்ச்சைப் பார்த்தார், சென்னியப்பனின் வாடிய முகத்தைப் பார்த்தார்.

"அட விட்றா சென்னியப்பா. அப்படியொண்ணும் மோசமாத் தெரியல."

கீறல் ஜன்னல் வழியாகப் பாய்ந்து போன வேகத்தில் திரைச்சீலை ஆடியது. காளியண்ணன் வாயில் அடித்துக்கொண்டார். திரும்பவும் திட்டிப் பார்த்தார், "கேடுகெட்டவனே" என்று தொடங்கினால் "கண்ணு" என்று முடிந்தது. பங்காளி மனம் இளகிய சந்தோஷத்தைக்கூடச் சென்னியப்பனால் முழுசாக அனுபவிக்க முடியவில்லை, இனிமேல் இந்த ஆள் எதற்கும் உதவமாட்டார் என்று வருத்தமாகவும் இருந்தது.

ஆனால் விஷயம் இன்னதென்று இப்போது ஊருக்குத் தெரிந்துவிட்டது. பேக்கரியில் கூடினார்கள். எல்லாரும் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வந்தால் ஆயிற்று என்றார் ஆறுச்சாமி. சொல்வது சுலபம். முதலில் போனவர் வாட்ச்சுக்கு முன்னால் நின்று, எச்சிலை விழுங்கி, வியர்த்து, கடைசியில், "தெரியுது, ஆனா அதுகூட அழகாத்தான் இருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டார், கீறல் ஒரு முழம் குறைந்து ஒரு முழம் கூடியது. பழக்கம் போதாது, சின்னச் சின்ன உண்மையிலிருந்து தொடங்குவோம் என்று முடிவாயிற்று. ஆறுச்சாமியிடமே தொடங்கினார்கள்.

"உங்க டீ வெந்நியாட்ட இருக்குதுங்க ஆறுச்சாமியண்ணா."

"அப்படீங்களா," என்றார் ஆறுச்சாமி, முகம் செத்துப் போய். பிறகு அவரும் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தார். "ஆமாங், வெந்நியாட்டத்தான் இருக்குது."

அந்த நாட்களில் முருங்கைப்புதூரில் ஒரே கலவரம்தான். இருபது வருஷமாக மாமியாரின் ரசத்தை ருசி என்று சொல்லிக்கொண்டிருந்த மருமகள் ஒருத்தி உப்பில்லை என்றாள். மாமியார், எனக்கும் அப்படித்தான் தோன்றியது, நீ நன்றாக இருக்கிறது என்றதால்தான் மாற்றவில்லை என்றாள். நாலு பேர் கூடினாலே பாட்டுப் பாடுகிற ஒருவர் இனிப் பாடுவதில்லை என்று தீர்மானித்தார். சிலர் அழுதார்கள், சிலர் உறவு முறித்துக்கொண்டு சாயங்காலமே சேர்ந்துகொண்டார்கள். இப்படி வாய் பழகியவர்கள் ஒவ்வொருவராகச் சென்னியப்பன் வீட்டுக்கு வந்து, சிலர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தெரியுதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் சென்னியப்பனுக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தியது, ஒவ்வொரு தடவையும் கீறல் ஒரு வீடு குறைந்தது. டவுன் பஸ் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முன்னும் பின்னும் போனது. அண்ணனும் தம்பியும் வேலி மட்டும் நிற்க, எல்லை எது என்று உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் கீறல் மறுபடியும் சீரகம் நீளத்துக்கு வந்தது. அதற்குமேல் குறையவில்லை, யார் என்ன சொல்லியும் குறையவில்லை, ஏனென்றால் அந்த அளவு நிஜமாகவே இருந்தது.

மண்டபத்தில் பெண் வீட்டார் ஒரு பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் மறுபக்கம், அத்தனை பேரும் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி, பேச்சிலும் ஒரு மடிப்புக் கலையாதவர்கள். மணவறையில் நவநீதன் பட்டு வேட்டியும் தலையில் உருமாலுமாக உட்கார்ந்திருக்க, பக்கத்தில் சிந்துஜா. முன்னால் தாம்பாளத்தில் மஞ்சள், தேங்காய், அரிசி, அதன் மேல் தாலி. வாட்ச் கட்டும் நேரம் வந்தது. மறைத்தால் ஒரு நாள் வெளியே வரும், இப்போதே சொல்லிவிடலாம் என்று சென்னியப்பன் தைரியத்தை எல்லாம் கூட்டிக்கொண்டு சம்பந்தியம்மாவிடம் வாட்ச்சை நீட்டினார்.

"ஒரு சின்னக் கீறலுங்க. என்ற கைத்தப்புத்தான். பாத்துட்டு உள்ளதைச் சொல்லிப்போடுங்க."

பரமேஸ்வரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முப்பது வருஷம் பெற்றோர்களிடம், உங்கள் பையன் கெட்டிக்காரன், கொஞ்சம் கவனம் போதாது, அவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"அடடா, இதுக்குப் போயிங்களா? தெரியவே இல்லீங்களே!"

பெண் வீட்டார் பக்கமிருந்து ஐயோ என்று ஒரு சத்தம் எழுந்தது. கீறல் வாட்ச்சை விட்டு மணவறைத் தரையில் குதித்தது. சென்னியப்பன் பதறி, "தெரியுதுங்க, நல்லாப் பாருங்க, தெரியுதுங்க," என்று கெஞ்ச, மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் எழுந்து, மனுஷன் எவ்வளவு சங்கடப்படுகிறார் பாவம் என்று, "இல்லீங்க, தெரியலீங்க," "எங்க யாருக்குமே தெரியலீங்க," என்று ஒரே குரலில் தேற்றினார்கள். பெண் வீட்டார் விடவில்லை, "தெரியுது, தெரியுது," என்று கத்தினார்கள். என்ன ஊர் இது, சம்பந்தி போட்ட பொருளைச் சபையிலேயே குறை சொல்கிறார்களே என்று மாப்பிள்ளை வீட்டாருக்குத் திக்கென்று ஆகி, இன்னும் பலமாகத் தெரியவில்லை என்றார்கள். காளியண்ணன் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். கீறல் ஒரு முழம் பின்னால் போனது, இரண்டு முழம் முன்னால் வந்தது, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் கோடு கிழித்தபடி தாம்பாளத்தை நோக்கி நகர்ந்தது. தேங்காயின் மேல் ஏறியது. கீறல் விழுந்த தாலியை எந்த சபையில் கட்டுவது? வசந்தாமணி ஓடிவந்து தாலியைக் கையில் எடுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். கீறல் அவள் கால் விரலுக்கு வந்து நின்றது. போச்சு, என் மகள் கல்யாணம் என் கையாலேயே போச்சு என்று சென்னியப்பன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. உருமாலைக் கழற்றினான்.

"நவநீ, வேண்டாங் கண்ணு," என்றார் பரமேஸ்வரியம்மா.

"அம்மா, நீங்க சொல்லாதீங்க. நீங்க தெரியலைன்னுதான் சொல்லுவீங்க." அவன் சிந்துஜாவின் பக்கம் திரும்பினான். கையை முன்மண்டைக்குக் கொண்டுபோனான். கறுகறுவென்று சீவியிருந்த முடியை விரல் நுனியால் தொட்டான். "ஒண்ணு கேக்கறேனுங்க. இந்த முன்னாடி முடி என்னுதில்ல. ஒட்டு முடி. வீட்ல எல்லாருந் தெரியவே இல்லைன்னு சொன்னாங்க. நானும் உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டேன். உங்களுக்குத் தெரியுதா?"

சிந்துஜா அப்பாவைப் பார்த்தாள், தன் கால் பக்கத்தில் பளபளத்துக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தாள், பிறகு அவன் நெற்றியைப் பார்த்தாள்.

"தெரியுதுங்க," என்றாள். "நல்லாவே தெரியுது."

கீறல் விர்ரென்று தாம்பாளத்தை விட்டு இறங்கியது.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தெரிஞ்சுது. ஃபேனுக்கு அடியில உக்காந்திருந்தீங்க. காத்துக்கு அது மட்டும் தனியாத் தூக்கிட்டு நின்னுச்சு. நீங்க காப்பி டம்ளரைக் கீழ வெக்காம ஒரு கையால அதை அமுக்கிட்டே இருந்தீங்க."

யாரோ சிரித்தார்கள், நிறுத்திக்கொண்டார்கள். நவநீதனின் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அப்புறம் ஏனுங்க சரின்னு சொன்னீங்க?"

"அதைப் பாத்துட்டுத்தானுங்க சரின்னு சொன்னேன்," என்றாள் சிந்துஜா.

சத்தமே இல்லாமல் கீறல் மணவறையை விட்டு வாட்ச்சுக்குத் திரும்பி, பூட்டுக்குப் பக்கத்தில் சீரகம் நீளத்துக்குப் படுத்துக்கொண்டது. நவநீதன் முன்மண்டை முடியை மெதுவாக உரித்து எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, கடைசியில் அம்மாவிடம் கொடுத்தான். பரமேஸ்வரியம்மா அதை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வாட்ச்சை மறுபடியும் எடுத்துக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்து, "சீரகம் அளவுக்கு இருக்குதுங்க சம்பந்தி," என்றார். அந்த வார்த்தையைச் சொல்வதற்குள் அந்த அம்மாவுக்கு நெற்றி வியர்த்துவிட்டது.

சென்னியப்பன் வாட்ச்சைக் கட்டினார். வழுக்கவில்லை, விரலால் எடுத்த அளவுக்குப் பழுதில்லை. ஆனால் ஒரு உண்மை சொன்ன வாய் சும்மா இருக்குமா, "மாமா, கோவிச்சுக்காதீங்க, சித்த டைட்டா இருக்குதுங்க," என்றான் நவநீதன். "அதுக்கென்னுங்க மாப்பிள்ளை, ஒரு கண்ணியை இப்பவே நானே மாட்டி..." என்று சென்னியப்பன் தொடங்க, இரண்டு வீட்டாரும் அன்றைக்கு முதன்முதலாக ஒரே குரலில், "வேண்டாம்!" என்றார்கள். தவில் முழங்கியது. வசந்தாமணி முந்தானையிலிருந்து தாலியை எடுத்துக் கொடுத்தாள்.

தாலி கட்டும்போது சென்னியப்பன் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வசந்தாமணி தேடிக்கொண்டு வந்தாள். அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, நான் அழுதது தெரியுதா?"

இல்லீங்க என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தெரியுதுங்க. மூக்கெல்லாஞ் செவந்து கெடக்குது."

"அப்படியா," என்றார் சென்னியப்பன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். தூணுக்கு முன்னால் வந்து, சபை முழுக்கப் பார்க்கும்படி நின்று, மகளைப் பார்த்துக்கொண்டே நன்றாக அழுதார்.